இரண்டாவது கம்பு

மூன்று மணி ரீடிங்கை எழுதிப் பேனாவை மூடியதும் பூதலிங்கத்துக்கு ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. ஒரே ஒரு நிமிடம்தான். மணிக்கு ஒரு தடவை பேனலில் வரிசையாக இருக்கும் மீட்டர்களின் முன்னால் நின்று, முள் நிற்கிற இடத்தைப் பார்த்து, நோட்டில் கட்டம் கட்டமாக எழுதுவது; யாராவது லைனில் ஏற வேண்டுமென்றால் அந்த லைனை அணைத்து, இனி ஏறலாம் என்று எல்.சி. அனுமதி கொடுப்பது, துணை மின் நிலையத்தில் இருபத்தாறு வருடமாக அவர் பார்க்கும் வேலை இவ்வளவுதான். எழுதுகிற நேரத்தில் மட்டும் மனசு நாய் மாதிரி சுருண்டு கிடக்கும். எழுதி முடித்ததும் எழுந்து மறுபடி வட்டமடிக்கத் தொடங்கிவிடும். ஆனி மாசத்துக் காற்று. வெளியே காற்றாலைகள் எல்லாம் பேய் பிடித்தது போலச் சுற்றுகின்றன, பெரிய லைனில் லோடு ஏறிக்கொண்டே போகிறது, டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல் தரையில் இறங்கி நாற்காலிக் காலில் ஏறி முதுகெலும்பு வரைக்கும் வருகிறது. முன்பெல்லாம் இந்த உறுமல் காதிலேயே விழாது. அது பாட்டுக்கு இருக்கும், நின்றால்தான் தெரியும். பத்தொன்பது நாளாக விழுகிறது. நாற்காலியையும் பத்தொன்பது நாளாகத் திருப்பிப் போட்டிருக்கிறார், மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மூலையில் இரண்டு மஞ்சள் கம்புகள் சாத்தியிருக்கின்றன. பார்க்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தார். கண் பார்க்காவிட்டால் பிடரி பார்க்கிறது. மேஜை மேல் டைப் அடித்த தாள் ஒன்று, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கல். நாலு மணிக்கு விசாரணை இன்ஜினியர் ஜீப்பில் வருவார், பூதலிங்கம் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், காரியம் முடிந்தது. மொத்தமே எட்டு வரி. ஏழு வரி சத்தியம். லைனை அணைத்தது சத்தியம், அணைத்த நேரம் சத்தியம், எல்.சி. நம்பர் சத்தியம். ஆறாவது வரியில்தான் கண் போய் இடறி விழுகிறது. 'நிலையத்தில் எர்த் கம்புகள் இரண்டும் இருந்தும், இறந்த பணியாளர் ஒன்றை மட்டுமே எடுத்துச் சென்றுள்ளார்.' இறந்த பணியாளருக்கு மாசானம் என்று ஒரு பெயர் உண்டு. லைன்மேன், வயசு முப்பத்தொன்பது, சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் ஏறி நிற்கும். எட்டு வரியில் ஒரு இடத்தில்கூட அவன் பெயர் இல்லையே என்று பூதலிங்கத்துக்குக் கோபம் வந்தது. கோபப்பட நீ யாருல என்று உள்ளேயே யாரோ கேட்டார்கள், கோபம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

எர்த் கம்பு என்றால் சும்மா கம்பு இல்லை. ஒன்றரை ஆள் உயரம், மின்சாரம் ஏறாத ஃபைபர், நுனியில் பித்தளைக் கொக்கி, கொக்கியிலிருந்து தரையில் அடிக்கிற ஆணி வரைக்கும் கைவிரல் தடிமனில் ஒரு செம்பு வடம். லைனை அணைத்த பிறகும் அதில் என்ன மிச்சம் இருக்குமோ, எங்கிருந்து என்ன வருமோ, யார் கண்டது. கொக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டால் எது வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும், ஏறுகிறவன் உயிர் அந்தக் கொக்கியில் தொங்குகிறது. கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் கம்பியை வெட்டிப் பிரிக்கிற வேலையென்றால் இரண்டும் இல்லாமல் தொடவே கூடாது, பிரித்த நிமிஷமே ஒரு பக்கம் மண்ணைவிட்டுத் தனியாகிவிடும். இது சட்டம். சட்டத்துக்கு வெளியே அந்தக் கம்புக்கு வேறொரு பிழைப்பும் இருந்தது. வடத்தைக் கழற்றிவிட்டால் முருங்கைக்காய் பறிக்க அதைப் போல ஒரு தொரட்டி ஈரேழு உலகத்திலும் கிடைக்காது. நல்ல உயரம், கனமில்லை, கொக்கி காம்பில் போய் அப்படியே உட்காரும், ஒரு சுண்டு சுண்டினால் காய் கீழே. பூதலிங்கம் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே நடக்கிற வழக்கம் இது, யாரும் இதை ஒரு தப்பாக நினைத்ததில்லை. மாங்காய்க் காலத்தில் பெரிய அதிகாரி வீட்டிலிருந்தே ஆள் வந்து கம்பை வாங்கிக்கொண்டு போவான், திரும்பக் கொண்டுவரும்போது நாலு மாங்காயும் கூட வரும். பூதலிங்கத்தின் குவார்ட்டர்ஸ் நிலையத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான், நூற்றுப் பதினெட்டு அடி. எண்ணிப் பார்த்தது பிற்பாடு. மாசானம் சாவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம் அவர் மனைவி ஆவுடை, "மேல கெடக்க காயெல்லாம் முத்திப்போவுது, அந்தக் கம்பை எடுத்துட்டு வாங்களேன்" என்றாள். எடுத்துக்கொண்டு போனார், பறித்தார், கம்பைக் கிணற்றடிச் சுவரில் சாத்தினார், காலையில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். காலையில் மறந்துபோனார். இதில் சூது உண்டா, வஞ்சம் உண்டா, ஒன்றும் கிடையாது. கத்தி எடுத்தவனுக்காவது சொல்லிக்கொள்ள ஒரு பகை இருக்கும். இவருக்கு இருந்தது முருங்கைக்காய்.

ஆவுடையை நினைத்தால் பாவமாக இருந்தது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. பத்தொன்பது நாளாக இவர் குழம்பில் கிடக்கிற முருங்கைத் துண்டுகளை எடுத்து இலையோரம் ஒதுக்குகிறார், அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், வயிறு சரியில்லையோ என்று ஓமத் தண்ணி போட்டுக் கொடுக்கிறாள். ஓமத் தண்ணியில் சரியாகிற வயிறா இது. முந்தாநாள் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்க்கும்போது திடீரென்று அந்த டியூப் லைட் ஞாபகம் வந்தது, ஏன் வந்தது என்று தெரியவில்லை, வெள்ளையாக நீளமாக எதையாவது பார்த்தாலே வருகிறது. அவருக்கு 'சயின்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்ததே மாசானம்தான். பூதலிங்கம் பி.எஸ்ஸி. இயற்பியல், இந்த வேலைக்கு அந்தப் படிப்பு தேவையே இல்லை, ஆனாலும் படித்தது உள்ளே கிடந்து அரிக்குமில்லையா, ஒருநாள் டீ குடிக்கும்போது வாயைத் திறந்துவிட்டார். "கம்பிக்குள்ள ஒண்ணும் ஓடலைடே. ஓடுறதெல்லாம் கம்பியைச் சுத்தி இருக்க வெளியிலதான்." மாசானம் டம்ளரைக் கீழே வைத்தான். "பெறவு எதுக்கு அண்ணாச்சி நாங்க கம்பியைக் கெட்டிட்டு அலையுதோம்? காத்தையே இழுத்துக் கெட்டிரலாம்லா." எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. கம்பி வெறும் தடம்டே, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி, எங்கே போகணும்னு காட்டும், ஆனா சுமை போறது வெளியில, ஆடு மேய்க்கிறவன் தலைக்கு மேல, பனைமரத்துக்கு ஊடால, ஒரு நிறம் இல்லாம, ஒரு மணம் இல்லாம. அவன் நம்பவில்லை. அன்றைக்கு இருட்டுகிற நேரத்துக்கு ஒரு பழைய டியூப் லைட்டைக் கையில் கொடுத்து, பெரிய லைன் காட்டுக்குள் தாழ்வாகப் போகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேலே தூக்கிப் பிடி என்றார். பிடித்தான். வயரும் கிடையாது சுவிட்சும் கிடையாது, அவன் கையில் அந்தக் குழாய் மெல்ல வெளிறி, பிறகு பால் மாதிரி எரிந்தது. இறக்கினால் மங்கியது, தூக்கினால் எரிந்தது. மாசானம் அதைச் சுழற்றிக்கொண்டு முள்ளுக்காட்டுக்குள் ஓடினான், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவன். "அண்ணாச்சி, காத்துல போறத கையில புடிச்சுட்டேன்!" கையில் பிடித்துவிட்டான். இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் பூதலிங்கத்துக்கு மூச்சு நிற்கிறது.

மூச்சு நிற்கிற இடத்தில் பாடப்புத்தகத்தில் படித்த அந்தக் கணக்கு வந்து நிற்கும். எந்த இடத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அதைச் சுற்றிக் கற்பனையாக ஒரு சுவர் எழுப்பு. அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே வந்த ஆற்றல் ஒன்று உள்ளேயே தங்க வேண்டும், இல்லை சூடாகிச் செலவழிய வேண்டும், இல்லை மறுபக்கம் வெளியே போக வேண்டும். மூன்றே வழி. நாலாவது வழி கிடையாது. காணாமல் போவது என்ற ஒன்று கிடையவே கிடையாது. இருபது வயசில் இதைப் படித்தபோது எவ்வளவு நாணயமான உலகத்தில் பிறந்திருக்கிறோம் என்று புல்லரித்தது அவருக்கு. இப்போது அதே கணக்கை வைத்துக்கொண்டு பத்தொன்பது நாளாக நாலாவது வழியைத் தேடிக்கொண்டிருக்கிறார். கம்பு திரும்பி வந்துவிட்டது, பார்த்தவர் யாருமில்லை, தாள் தயார், லைனும் அன்று சாயங்காலமே சார்ஜ் ஆகிவிட்டது, இனி எங்கே என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை, போய்விட்டது, என்று சொல்லிப் பார்ப்பார். போய்விட்டதென்றால் எங்கே போனது என்று கணக்கு கேட்கும். பெரிய லைன் ஓரமாக இரண்டு கிலோமீட்டர் சின்ன லைன் போகிறது. ஆனி மாசம், பெரிய லைன் நிறையச் சுமை. ஓரத்தில் அணைந்து கிடக்கிற கம்பியை வெட்டி, வெட்டிய ஒரு பக்கத்தை மண்ணில் சேர்க்காமல் விட்டால் அதில் என்ன ஏறி உட்கார்ந்திருக்கும் என்று அந்த நிலையத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவன் எவனும் இல்லை. தெரியாதவன் செய்தால் பிழை. தெரிந்தவன் செய்தால் அதற்கு என்ன பெயர்? பெயரைத் தேடாமல் எழுந்துபோய் மீட்டரைப் பார்த்தார், மூன்று இருபதுக்கு எழுத ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்.

கேட்டில் சத்தம். ஒயர்க் கூடையோடு ஒரு பெண் காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள், சேலைத் தலைப்பு படபடவென்று அடித்தது. மாசானத்தின் பெண்டாட்டி பேராச்சி. காரியம் கழிந்து இப்போதுதான் பார்க்கிறார், ஆள் பாதியாகியிருந்தாள். வராண்டா பெஞ்சில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். செம்பை வாங்கும்போது அவள் எழுந்து நின்று வாங்கினாள், அது அவருக்குச் சுருக்கென்றது.

"நாலு மணிக்கு ஆபீசர் வாராவளாம்லா அண்ணாச்சி. அவியளுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"கேளு தாயி."

"ஊருல எல்லாரும், நீங்க லைனைப் போட்டுட்டியன்னு சொல்லுதாவ. நான் நம்பல. அவிய சொல்லுவாவ, சயின்ஸ் அண்ணாச்சி எல்.சி. குடுத்தா கண்ண மூடிட்டு ஏறலாம்னு."

"லைன் அணைஞ்சுதான் தாயி கெடந்துச்சு. பக்கத்துல பெரிய லைன் போவுதுல்லா, அதுலேருந்து காத்து வழியா..."

"தெரியும் அண்ணாச்சி. எங்களையும் ஒருநா கூட்டிட்டுப் போயி டியூப் லைட்ட எரிய வச்சுக் காட்டுனாவ. எம்மவ கையிலயும் குடுத்தாவ." அவள் செம்பைக் கீழே வைத்தாள். "அதுக்குத்தான கம்பு மாட்டுறது? அவிய செருப்ப மறந்துட்டுப் போவாவ, சோத்துப் போணிய மறந்துட்டுப் போவாவ, கம்ப மறக்க மாட்டாவ. அன்னைக்குப் பதினோரு மணிக்கு எனக்குப் போன் போட்டாவ. ஒரு கம்பக் காணும், வடம் மட்டும் சுருட்டிக் கெடக்கு, தேடிட்டுப் பொறப்பட நேரமாயிட்டு, சாப்பாட்டுக்கு எதிர்பாக்காதன்னாவ. இத ஆபீசுல போயிச் சொன்னா, ரெண்டு கம்பும் அங்கனதான் இருக்கு, உன் வீட்டுக்காரன்தான் சோம்பேறித்தனப்பட்டு ஒண்ண விட்டுட்டுப் போயிருக்கான்னு சொல்லுதாவ. தப்பு அவிய மேலன்னு எழுதிட்டா வாரிசு வேலையும் கஷ்டமாம். அது கூடப் போட்டும். எம்மவ கேக்கா, அப்பா மறந்துட்டாவளாம்மா, மறந்ததாலதான் செத்துப்போனாவளாம்மான்னு. நான் அதுக்கு என்ன சொல்லட்டும்?"

காற்று வராண்டாக் கம்பிக் கதவை டப் டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கல்லை முட்டுக் கொடுக்க வேண்டும், நாளைக்கு ஞாபகமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். இந்த நேரத்தில் நினைக்கிற நினைப்பைப் பார்.

"அன்னைக்கு ரெண்டு கம்பும் இங்கதான் இருந்துச்சா அண்ணாச்சி?"

"எனக்கு... சரியா நெனவில்ல தாயி. நான் யார்டுல நின்னுட்டு இருந்தேன்."

"கடைசியா உங்ககிட்டதான பேசுனாவ. என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. எல்.சி. நம்பரத் திருப்பிச் சொன்னான். அம்புட்டுத்தான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பினாள். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பார், நம்பியதைத்தான் தாங்க முடியவில்லை. "அப்ப ஆபீசர் வாரவரைக்கும் இங்கனயே இருக்கேன்" என்று பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உள்ளே போனார். போய் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு எதிரே டெலிபோன், கறுப்பாக, ஒன்றும் தெரியாத பூனையைப் போல. அம்புட்டுத்தானா? அம்புட்டுத்தானா பூதலிங்கம்? அன்றைக்கு மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார், பருப்பும் முருங்கைக்காயும் போட்ட குழம்பு, காய் முத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் பறித்தது, சதை வெண்ணெயாக இருந்தது. ஒரு துண்டு வாயில். மணி அடித்தது. அவன் குரலுக்குப் பின்னால் காற்று. அண்ணாச்சி, கம்பிய வெட்டக் கம்பம் ஏறப்போறேன், இந்தப் பக்கம் கம்பு போட்டாச்சு, அந்தப் பக்கத்துக்குக் கம்பு இல்ல, ஒண்ணுதான் கெடச்சுது, நீங்க எங்கயாது பாத்தியளா? பார்த்தாரா? பார்க்கிறார், அந்த நொடியில் கண்ணுக்கு முன்னால் பார்க்கிறார், கிணற்றடி, பாசி பிடித்த சுவர், அதில் சாய்ந்து நிற்கிற மஞ்சள், கொக்கியில் ஒட்டியிருக்கிற ஒரு முருங்கை இலைக் கொத்து. கொஞ்சம் பொறுடே, ஆள்கிட்ட குடுத்து விடுதேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சைக்கிளில் எட்டு நிமிடம். எட்டு நிமிடம் அவன் கம்பத்தடியில் உட்கார்ந்து ஒரு பீடி குடித்திருப்பான், பிறகு நாற்பது வருஷம் இருந்திருப்பான். ஏன் சொல்லவில்லை? எடுத்து வருகிற ஆள் எங்கிருந்து என்று கேட்பான், குவார்ட்டர்ஸ் கிணற்றடியிலிருந்து என்று சொல்ல வேண்டும், அவன் இளிப்பான், சாயங்காலம் டீக்கடையில் சயின்ஸ் அண்ணாச்சி வீட்டு முருங்கைக்காய் என்று நாலு பேர் சிரிப்பார்கள். இதற்குத்தான். ஒரு சிரிப்புக்குக் கூசி. வாயில் இருந்ததை மென்றுகொண்டே சொன்னார், "இங்கதான் எங்கயாது கெடக்கும். ஒண்ண வச்சுப் பாத்துப் பண்ணு." செரி அண்ணாச்சி என்றான். ஏன் செரி என்றான்? ஏலே, உனக்குத்தான் தெரியுமே, கையில் பிடித்துப் பார்த்தவன்தானே, எதுக்குல செரின்னு சொன்னே? சொன்னது சயின்ஸ் அண்ணாச்சி இல்லையா. கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். ஏறினான். பாத்துப் பண்ணு, பாத்துப் பண்ணு, பாத்துப் பண்ணு என்று டிரான்ஸ்ஃபார்மர் உறுமிக்கொண்டிருந்தது.

அதைக்கூட ஒருவேளை கடவுள் மன்னிப்பார், ஆனைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிடுவார். அன்று மதியம் ஒன்று பத்துக்கு நடந்ததை யார் மன்னிப்பது? போன் வந்தது, அலறல், பிறகு நிலையத்தில் இருந்த இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆபரேட்டர் இடத்தைவிட்டு நகரக் கூடாது, அதனால் அவர் மட்டும் தனியாக. அவன் இருக்கிறானா போய்விட்டானா என்று இன்னும் உறுதியாகத் தெரியாது. தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டிய நேரம், இல்லை கும்பிட வேண்டிய நேரம். அவர் எழுந்து, கேட்டைத் திறந்து, நூற்றுப் பதினெட்டு அடி நடந்து, கம்பை எடுத்தார். கொக்கியில் இருந்த இலைக் கொத்தைக் கிள்ளி எறிந்தார். திரும்பி வந்து வடத்தை முறுக்கி மாட்டி மூலையில் சாத்தினார். திருகாணியில் கை நடுங்கவே இல்லை. ஒரே முறுக்கில் ஏறியது. அந்தக் கை இதுதான், தாளுக்குப் பக்கத்தில் மேஜை மேல் கிடக்கிற இந்தக் கை. கம்பு மூலையில் நின்றதால்தான் மறுநாள் வந்தவர்கள் இரண்டு என்று எண்ணினார்கள், இரண்டு என்று எண்ணியதால்தான் தப்பு மாசானத்தின் தலையில் ஏறியது. ஒரு தடவை கம்பை எடுத்ததில் அவன் செத்தான், திரும்ப வைத்ததில் அவன் சோம்பேறியானான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனாவது தன் சோற்றில் மறைக்கிறான், இவர் செத்தவன் சோற்றில் மறைத்தார். இன்றைக்குச் சொல்லிவிடலாம், இன்ஜினியர் வந்ததும் ஆறாவது வரியைக் காட்டி, சார், இது பொய், கம்பு என் வீட்டில் இருந்தது என்று சொல்லிவிடலாம். ஏழே வார்த்தை. வேலை போகும், கேஸ் வரும், ஆவுடை தெருவில் நடக்க முடியாது. ஆகிறது ஆகட்டுமே. அந்தப் பெண் குழந்தை தூங்கும். சொல்லிவிடலாம் என்று முடிவு செய்ததும் கண்ணில் நீர் வந்தது, பத்தொன்பது நாளில் முதல் தடவையாக. கணக்கு சரிதான், வெளியே போகிற வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எழுந்து முகத்தைக் கழுவினார். நாலு மணி ரீடிங்கை எழுதினார். எழுத்து முத்து முத்தாக வந்தது.

ஜீப் நாலு பத்துக்கு வந்தது. இன்ஜினியர் கெட்ட மனிதர் இல்லை. வராண்டாவில் பேராச்சியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்துகொண்டார், பிறகு "பாத்துக்கலாம்மா, எல்லாம் முறைப்படி நடக்கும்" என்றார். உள்ளே வந்து தாளை எடுத்து உதடு அசையப் படித்தார். மூலைக்குப் போய்க் கம்புகளைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த ரெண்டும்தான? எப்பவும் இங்கேயேதான் இருக்குமா?"

இதுதான் இடம். கதவு திறந்திருக்கிறது, போ. பூதலிங்கம் வாயைத் திறந்தார். திறந்த வாயில் முருங்கைக்காயின் ருசி வந்தது, சத்தியமாக வந்தது, பருப்பும் உப்பும் அந்தச் சதையும்.

"சார்..."

"சொல்லுங்க."

"பேரு போடலை சார். இறந்த பணியாளர்னு மட்டும்தான் இருக்கு. மாசானம்னு பேரு."

"பேரு ஃபைல்ல மேலயே இருக்குங்க. இது ஸ்டேட்மென்ட்தான்." பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

இருந்த தைரியம் எல்லாம் அந்தப் பெயருக்கே செலவாகிவிட்டது. கை நடுங்கும் என்று பார்த்தார். நடுங்கவில்லை. இருபத்தாறு வருடம் எழுதிய கை, கட்டத்துக்குள் அழகாகப் போட்டது. இன்ஜினியர் தாளை ஃபைலில் வைத்து நாடாவைக் கட்டினார், நாடாவைக் கட்டுகிற அந்தச் சின்னச் சத்தம் கேட்டது, ஒரு ஈ வந்து நோட்டு மேல் உட்கார்ந்தது, அவ்வளவுதான், இவ்வளவு சுலபம். ஜன்னல் பக்கம் திரும்பிய இன்ஜினியர் சுவருக்கு அந்தப் பக்கம் காற்றில் ஆடுகிற மரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வேலை முடிந்த மனிதனின் மலர்ச்சி, அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

"உங்க வீட்டு மரமா? என்னமா காய்ச்சிருக்கு. வீட்டுல சொல்லிட்டே இருந்தாங்க, நல்ல முருங்கைக்காயே கெடைக்கலைன்னு. ரெண்டு பறிச்சுக் குடுங்களேன்." பிறகு அவரே மூலையைப் பார்த்துக் கையைக் காட்டினார். "அந்தக் கம்பை எடுத்துக்கிடுங்க, எட்டும்."

பூதலிங்கம் கம்பை எடுத்தார். ஏன் எடுத்தார், மாட்டேன் என்று சொல்ல வாய் இல்லையா, மரம் எட்டாது என்று ஒரு பொய் சொல்லத் தெரியாதா, ஒரு பொய் சொன்னவனுக்கு இன்னொன்று கஷ்டமா? கால் அது பாட்டுக்கு நடந்தது. வழக்கம் என்பது இதுதான் போலிருக்கிறது, தலை வேண்டாம் என்று சொல்வதற்குள் கை செய்து முடித்துவிடுகிறது. வராண்டாவில் நின்று திருகாணியைத் தளர்த்தினார், வடத்தைச் சுருட்டிச் சிமெண்டுத் தரையில் வைத்தார். பேராச்சியின் காலடிக்குப் பக்கத்தில்தான் வைத்தார் என்பது வைத்த பிறகுதான் தெரிந்தது. குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டைத் தாண்டி நடந்தார். நூற்றுப் பதினெட்டு. ஆவுடை வாசலுக்கு ஓடிவந்து, "வந்துட்டியளா, நானும் எத்தன நாளா கேட்டுட்டு கெடக்கேன்" என்று சந்தோஷமாக மரத்தடிக்கு வந்து முந்தானையை ஏந்தினாள். கொக்கி காம்பில் போய் அப்படியே உட்கார்ந்தது. ஒரு சுண்டு. ஒரு சுண்டு. மேலே மரத்துக்கும் உயரத்தில் பெரிய லைன் வெயிலில் பளபளத்தது. கம்பி சும்மா கிடந்தது. எல்லாம் அதைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் தலைக்கு மேல், ஆவுடையின் தலைக்கு மேல். பதினாலு காய்.

ஒரு கையில் கம்பும் ஒரு கையில் காய்க்கட்டுமாகக் கேட்டுக்குள் நுழைந்தபோது பேராச்சி பெஞ்சைவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தரையில் சுருட்டிக் கிடந்த வடத்தைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த கம்பைப் பார்த்தாள், அதன் கொக்கியில் ஒட்டியிருந்த இலைக் கொத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டைப் பார்த்தாள். டிரைவர் ஓடிவந்து காய்க்கட்டை வாங்கிக்கொண்டு போனான். இன்ஜினியர் கையை ஆட்டினார், ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியது, ஃபைலும் முருங்கைக்காயும் ஒரே சீட்டில். புழுதி அடங்கியது.

"இந்தக் கம்புதானா அண்ணாச்சி?"

திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. வழி கேட்கிறது போலத்தான் கேட்டாள். தலையை ஆட்டினாரா இல்லையா என்பது பூதலிங்கத்துக்கே தெரியாது. ஆட்டியிருக்க வேண்டும்.

அவள் கூடையைத் தோளில் மாட்டினாள். சுருட்டி வைத்த வடத்தைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"செரி. எம்மவகிட்டச் சொல்லிருதேன், அப்பா மறக்கலன்னு."

கேட்டை அவளே சாத்திவிட்டுப் போனாள். நாலு நாற்பது பஸ் வந்து நின்று, அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பூதலிங்கம் வராண்டாவில் உட்கார்ந்து வடத்தைக் கம்பில் மாட்டினார். இந்தத் தடவை திருகாணி ஏறவில்லை, கை கிடந்து ஆடியது, நாலு தடவை நழுவி உருண்டது. அழுதார். கேட்க யாரும் இல்லை, இருந்திருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் சத்தத்தில் கேட்டிருக்காது. ஒரு வழியாக மாட்டி எடுத்துக்கொண்டுபோய் மூலையில் சாத்தி வைத்தார். ஐந்து மணி ஆகியிருந்தது, நோட்டை எடுத்துக்கொண்டு பேனலுக்கு முன்னால் போய் நின்றார்.